மாமரத்து வாண்டா விதை ஏன் முளைக்கவில்லை: ஆர்க்கிட்டும் அதன் பூஞ்சையும்

முதலில் கேள்வி. கடலூர் முதுநகர்ப் பக்கம் ஒரு வீட்டு மாமரத்தில் பல வருடமாக வாண்டா டெசலேட்டா என்ற ஆர்க்கிட் ஒட்டி வளர்கிறது. காய் வெடித்ததும் விதையை எடுத்துப் பக்கத்து வேப்பமரம், புதிதாக வைத்த மாங்கன்று, தேங்காய் மட்டை என்று மூன்று இடத்தில் தூவியிருக்கிறார்கள். ஆர்க்கிட்டுக்குப் பூஞ்சை வேண்டும் என்று யாரோ சொல்ல, உரக்கடையில் வேம் (VAM) என்ற பூஞ்சை உரப் பாக்கெட் வாங்கிக் கலந்தும் போட்டிருக்கிறார்கள். ஒரு வருடமாகியும் ஒன்றும் வரவில்லை. எங்கே தப்பு, எம்.எஸ்சி. தாவரவியல் படிக்கும் மகள் இதையே புராஜெக்டாக எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேம் பாக்கெட்டை முதலில் ஒதுக்கிவிடுவோம். அதில் இருப்பது வேர் உட்பூசணம், குளோமஸ் வகையறா. கத்தரி, மிளகாய், மா, வேம்பு என்று பெரும்பாலான பயிர்களுக்கும் மரங்களுக்கும் அது நல்ல கூட்டாளி. ஆர்க்கிட்டுக்கு அதோடு உறவே கிடையாது. ஆர்க்கிட் வேரில் குடியிருப்பது பூஞ்சை உலகின் வேறொரு கிளை: பெரும்பாலும் டுலாஸ்னெல்லா, செரட்டோபேசிடியம், செரென்டிபிட்டா ஆகிய மூன்று கூட்டங்கள். இவற்றை மொத்தமாக ரைசோக்டோனியா வகை என்பார்கள். சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் நெல் வைப்பவர்கள் இந்தப் பெயரைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். இலையுறை கருகல் நோயைக் கொண்டுவரும் ரைசோக்டோனியா சொலானி இதற்குச் சொந்தக்காரன்தான். அந்த நோய்க்கு அடிக்கும் ஹெக்சகோனசோல், வேலிடாமைசின் போன்ற மருந்துகளை ஆர்க்கிட் இருக்கும் மரத்துக்கு அடித்தால் எதிரியோடு கூட்டாளியும் சாகலாம். டிரைக்கோடெர்மா என்ற பூஞ்சைத் தூளும் அப்படியே. ரைசோக்டோனியாவைத் தின்பதற்காகவே அதை விற்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மரத்தில் ஒட்டியிருப்பதால் இதைப் புல்லுருவி என்று வெட்டிப்போடுகிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். புல்லுருவி மரத்தின் கிளைக்குள் வேரை இறக்கிச் சாறு எடுக்கும். வாண்டா பட்டையின் மேல் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அது திருடுவது மரத்திடம் இல்லை, பூஞ்சையிடம். அதுவும் குழந்தைப் பருவத்தில்தான் அதிகம்.

விதையைப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். நெல்லிலோ உளுந்திலோ கருவோடு சேர்த்து சாப்பாட்டு மூட்டையும் கட்டிக்கொடுத்திருக்கும். ஆர்க்கிட் விதையில் மூட்டை இல்லை. வலைபோன்ற ஒரு மெல்லிய உறை, அதற்குள் இலையும் வேரும் பிரியாத ஒரு சின்ன உருண்டைக் கரு. ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் எடுத்தால் விதையின் நீளம் 0.05 மி.மீ. முதல் 6 மி.மீ. வரை, எடை ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில். ஒரே காயில் ஆயிரக்கணக்கில், சில இனங்களில் பத்து லட்சத்துக்கும் மேல் இருக்கும். காற்றில் எங்கும் போகும், ஆனால் கையில் கட்டுச்சோறு இல்லாமல் போகும். தண்ணீர் பட்டதும் உப்பும். அதன்பின் தானாக ஒரு அடியும் வைக்காது. சரியான பூஞ்சையின் இழை கருவின் ஒரு முனை வழியாக உள்ளே நுழைந்தால்தான் மேலே நடக்கும்.

நுழைந்த இழை செல்லுக்குள் நூல்கண்டு மாதிரி சுருண்டுகொள்கிறது. அந்தச் சுருளுக்குப் பெலோட்டான் என்று பெயர். சில நாளில் செல் அதைச் செரித்துவிடும். மறுபடி புது இழை வரும், மறுபடி சுருள். சுருள் உயிரோடு இருக்கும்போதே டிரெஹலோஸ் போன்ற சர்க்கரை செடிக்குக் கைமாறுகிறது, செரிக்கும்போதும் சத்து கிடைக்கிறது. கூடவே நைட்ரஜன், பாஸ்பரஸ். இந்தக் கொடுக்கல் வாங்கலில் கரு பருத்துப் பச்சையோ வெள்ளையோ ஆன ஒரு பம்பரம் போல ஆகும். அதுதான் புரோட்டோகார்ம். இலை விட்டு வெயிலில் சமைக்கத் தொடங்கும் வரை செலவு முழுக்கப் பூஞ்சையுடையது. காஸ்ட்ரோடியா மாதிரி சில ஆர்க்கிட்டுகள் வாழ்நாள் முழுக்க இலையே விடாமல் பூஞ்சைக் கணக்கிலேயே சாப்பிடுகின்றன.

1899-ல் பிரான்சில் நோயல் பெர்னார், இலைச்சருகுக்கு அடியில் கிடந்த நியோட்டியா என்ற ஆர்க்கிட்டின் காய்க்குள் முளைத்திருந்த விதைகளைப் பார்த்து, ஒவ்வொன்றிலும் பூஞ்சை இருப்பதைக் கண்டார். 1922-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலையில் லூயிஸ் நுட்சன், சர்க்கரை போட்ட அகாரில் (கடற்பாசிக் கூழில்) பூஞ்சை இல்லாமலே முளைக்கவைத்தார். இன்று பூக்கடையில் வரும் ஆர்க்கிட்டுகளில் பெரும்பாலானவை இப்படிச் சர்க்கரை ஊடகத்தில் வளர்த்தெடுத்தவைதான். இதனால் நர்சரிக்காரருக்குப் பூஞ்சை தேவையில்லாமல் போயிற்று. செடியைத் திரும்ப மரத்திலும் காட்டிலும் நிலைக்கவைக்க நினைப்பவருக்குத்தான் பூஞ்சையோடு சேர்த்து முளைக்கவைக்கும் பெர்னார் வழி. பதிலுக்குப் பூஞ்சைக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்வி வெகுகாலம் கிடந்தது. 2006-ல் டங்கன் கேமரானும் மற்றவர்களும், குட்யேரா ரெபென்ஸ் என்ற பச்சை ஆர்க்கிட் வளர்ந்தபின் தான் செய்த கார்பனைப் பூஞ்சைக்குக் கொடுப்பதைக் குறியிட்ட கார்பனை வைத்துக் காட்டினார்கள். கடன் அடைபடுகிறது, குறைந்தது அந்த இனத்திலாவது.

இப்போது உங்கள் மூன்று இடங்கள். தேங்காய் மட்டையில் தேவையான பூஞ்சை இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கூடவே உப்பும் டானினும். மாங்கன்றின் பட்டை வழவழப்பு: ஈரம் நிற்காது, பாசி இல்லை, உளுத்த பட்டைத்தூள் இல்லை. பூஞ்சை உயிர்வாழ்வது அந்தத் தூளில்தான். வேப்பமரத்தில் பட்டை சொரசொரப்பாக இருந்திருக்கும், ஆனால் விதை தூவியது எந்த மாதம் என்று நீங்கள் சொல்லவில்லை. பங்குனி, சித்திரையில் தூவியிருந்தால் ஈரம் கிடைப்பதற்குள் உலர்ந்திருக்கும். அடிமரத்தில் சுண்ணாம்பு அடித்த பகுதியிலும் வேண்டாம். தாய்ச்செடி இருப்பது பழைய மாமரம் என்பது தற்செயல் இல்லை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தபோது இந்த மாவட்டத்தில் பழைய பலா, மா, முந்திரி எவ்வளவு சாய்ந்தன என்பது உங்களுக்குத் தெரியும். அதற்குப்பின் வைத்த மரங்களின் பட்டை இன்னும் இளசுதான்.

இனி புராஜெக்ட். தாராளமாக எடுக்கலாம். ஆனால் முதல் நாளே ஒன்றைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்: வளர்ந்த செடியின் வேரில் கிடைக்கும் பூஞ்சையும், விதையை முளைக்கவைக்கும் பூஞ்சையும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை. பெரிய செடி பல பூஞ்சைகளை வைத்துக்கொண்டு சமாளிக்கும். விதைக்கு அந்தத் தாராளம் கிடையாது. வேரிலிருந்து ஏதோ ஒன்றைப் பிரித்து, பெயர் கண்டுபிடித்து, இதுதான் மைக்கோரைசா (வேரோடு கூட்டு வாழும் பூஞ்சை) என்று எழுதி முடித்த புராஜெக்டுகள் ஏராளம். பியூசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற வேறு பூஞ்சைகளும் வேரிலிருந்து வரும். விதையோடு சேர்த்து வைத்து முளைக்கவைத்துக் காட்டாத வரை அது வேரில் குடியிருந்த யாரோ ஒருவர், அவ்வளவுதான்.

வேர் எடுப்பது ஐப்பசி, கார்த்திகை மழையில். தொங்கும் வேரில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. பட்டையோடு ஒட்டிய வேரை, அடிப்பக்கத்துப் பட்டைத்தூளோடு சேர்த்து 3 முதல் 5 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். ஒரு செடிக்கு இரண்டு துண்டுக்கு மேல் வேண்டாம். ஈரமான டிஷ்யூ பேப்பரில் சுற்றி உறையில் போட்டு ஐஸ் பெட்டியில் வையுங்கள், ஐஸின் மேல் நேரடியாகப் படக்கூடாது. 24 மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

பிளேடால் மெல்லிய குறுக்குவெட்டு எடுத்து 100 மடங்கில் பாருங்கள். வெளியே ஸ்பாஞ்சு மாதிரி வெலாமன், உள்ளே கார்டெக்ஸ் (வேரின் உள்சதை) செல்கள். பட்டையைத் தொட்ட பக்கத்துச் செல்களில் நூல்கண்டு தெரியும். இழை இழையாகப் பிரித்துப் பார்க்க முடிகிற கண்டு புதியது, அதுதான் வேண்டும். மஞ்சளாகக் கட்டிதட்டிப் போனது செரித்து முடிந்தது, அதை எத்தனை நாள் வளர்ப்புத் தட்டில் (பெட்ரி டிஷ்) வைத்தாலும் வளராது. தெளிவாகத் தெரியவில்லை என்றால் ஒரு வெட்டை மட்டும் டிரைபான் புளூவில் சாயமேற்றிப் பாருங்கள். சாயம் போட்டதை வளர்க்க முடியாது.

பலர் சறுக்குவது அடுத்த படியில். வேரை 1 சதவீத ஹைப்போகுளோரைட்டில் (பிளீச்) பத்து நிமிடம் ஊறவைக்கிறார்கள். வெலாமன் தண்ணீரை உறிஞ்சவே படைக்கப்பட்டது. பிளீச்சை அப்படியே கார்டெக்ஸ் வரை கொண்டுபோகும், பெலோட்டான் செத்துவிடும். ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, 70 சதவீத ஆல்கஹாலில் அரை நிமிடம், 1 சதவீத ஹைப்போகுளோரைட்டில் இரண்டு நிமிடம், பிறகு ஸ்டெரைல் தண்ணீரில் நான்கு முறை அலசினால் போதும். கடைசி அலசல் தண்ணீரில் சில துளியை ஒரு தனித் தட்டில் விட்டுவையுங்கள். அதில் ஏதாவது வளர்ந்தால் சுத்தம் போதவில்லை என்று தெரியும்.

பிறகு வெலாமனை உரித்து எறிந்துவிட்டு, கார்டெக்ஸை ஒரு துளி ஸ்டெரைல் தண்ணீரில் ஊசியால் கிளறுங்கள். பெலோட்டான்கள் உதிர்ந்து மிதக்கும். மெல்லிய பாஸ்டர் பிப்பெட்டால் ஒவ்வொன்றாக உறிஞ்சி அடுத்த துளிக்கு, அங்கிருந்து அதற்கடுத்த துளிக்கு என்று நாலைந்து துளி மாற்றிக் கழுவ வேண்டும். பிளீச் செய்யாத வேலையை இந்தக் கழுவல் செய்யும். கண்ணும் கையும் பழக ஒரு வாரம் ஆகும்.

பூஞ்சையை வளர்க்கும் ஊடகம் செழிப்பாக இருக்கக்கூடாது. பி.டி.ஏ. (உருளைக்கிழங்கு, சர்க்கரை, அகார் சேர்ந்த) பொடி லிட்டருக்கு 39 கிராம் என்று டப்பாவில் போட்டிருக்கும். அதில் ஐந்தில் ஒன்று, சுமார் 8 கிராம் எடுங்கள். அகார் அளவும் சேர்ந்து குறைந்துவிடுவதால் தனியாக 9 கிராம் அகார் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் இறுகாது. ஆட்டோகிளேவ் செய்து (அழுத்த ஆவியில் கிருமி நீக்கி) சுமார் 50 டிகிரிக்கு ஆறியபின், பாக்டீரியாவைத் தடுக்க, வடிகட்டிச் சுத்தம்செய்த ஸ்ட்ரெப்டோமைசின் கரைசலை லிட்டருக்கு 50 முதல் 100 மில்லிகிராம் வருகிற மாதிரி கலக்குங்கள். சூட்டில் போட்டால் மருந்து கெட்டுவிடும். 25 முதல் 28 டிகிரியில் வைத்தால் ஒன்றிரண்டு நாளில் பெலோட்டானிலிருந்து இழை கிளம்பும். காலை, மாலை இருவேளையும் பாருங்கள். இழை நுனியை உடனே வெட்டிப் புதுத் தட்டுக்கு மாற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை லீவு விட்டால் திங்கட்கிழமை தட்டு முழுக்க வேறு பூசணத்தின் பச்சைத்தூள்தான் இருக்கும்.

ரைசோக்டோனியா வகையைக் கண்டுகொள்ள ஓர் அடையாளம் போதும்: கிளை கிட்டத்தட்ட செங்குத்தாகப் பிரியும், பிரிகிற இடத்தில் இடுப்பு மாதிரி சுருங்கியிருக்கும், அதற்குச் சற்றுத் தள்ளிக் குறுக்குச்சுவர். சாதாரணமாக வித்துத்தூள் இருக்காது. தட்டு வெள்ளை, கிரீம் அல்லது வெளிர் பழுப்பு. சில தட்டுகளில் மணி கோத்த மாதிரி உருண்டைச் செல்கள் வரும். நோய்க்காரனான சொலானியில் ஒரு செல்லுக்குப் பல உட்கருக்கள். டுலாஸ்னெல்லா, செரட்டோபேசிடியத்தில் பொதுவாக இரண்டு. உட்கருச் சாயம் போட்டுப் பார்க்காமல் எதையும் வெளியே மரத்தில் கொண்டுபோய்த் தேய்க்க வேண்டாம், சுற்றி நெல்வயல் இருக்கும் ஊரில் இது முக்கியம்.

டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பும்போது, பூஞ்சையின் பெயர் கண்டுபிடிக்கப் பயன்படும் ஐ.டி.எஸ். என்ற பகுதியைக் கேட்பார்கள். வழக்கமான பிரைமரில் (அந்தப் பகுதியைப் பிரதியெடுக்கத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டில்) டுலாஸ்னெல்லா பல நேரம் பிடிபடாது, ஏனென்றால் அதன் அந்த மரபணுப் பகுதி மற்றவற்றைவிட வேகமாக மாறியிருக்கிறது. வேரிலிருந்து நேரடியாக டி.என்.ஏ. எடுத்து, டுலாஸ்னெல்லா இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் அதற்கென்றே செய்த ஐ.டி.எஸ். 4 டுல் பிரைமரையும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இனி முளைப்புச் சோதனை. லிட்டருக்கு 2.5 முதல் 4 கிராம் பொடித்த சாதா ஓட்ஸ் (மசாலா ஓட்ஸ் வேண்டாம்), 8 முதல் 10 கிராம் அகார், பிஎச் 5.5 முதல் 5.8. ஓட்ஸ் கூடினால் பூஞ்சை கொழுத்து விதையையே தின்றுவிடும். உறவு நிலைப்பது இருவரும் அரைப்பட்டினியில் இருக்கும்போதுதான். அகார் மேல் 1 செ.மீ. அகலம், 4 செ.மீ. நீளத்தில் ஸ்டெரைல் வடிதாள் துண்டு, அதன்மேல் ஐம்பது முதல் நூறு விதை, தட்டின் நடுவில் 5 மி.மீ. பூஞ்சைத் துண்டு. தட்டைப் படலத்தால் சுற்றி இருட்டில் 25 டிகிரி. ஒரு பூஞ்சைக்குக் குறைந்தது ஐந்து தட்டு. கூடவே பூஞ்சை இல்லாத ஐந்து தட்டு, சர்க்கரை ஊடகத்தில் மூன்று தட்டு. கடைசி மூன்றும் எதற்கென்றால், அதிலும் முளைக்காவிட்டால் விதைதான் செத்திருக்கிறது, பூஞ்சையைக் குறை சொல்ல முடியாது.

கணக்கெடுப்பில் ஏமாறுவது சுலபம். கரு உப்பி உறை கிழிவது முதல் நிலை; அது வெறும் தண்ணீரிலும் நடக்கும். மயிர்போன்ற ரைசாய்டு விடுவது இரண்டாம் நிலை. மேல்நுனியில் குருத்துப் புள்ளி மூன்று, முதல் இலை நான்கு, இலை நீள்வது ஐந்து. பூஞ்சை உள்ள தட்டில் மூன்றாம் நிலைக்குப் போய், இல்லாத தட்டில் ஒன்றிலேயே நின்றிருந்தால்தான் வெற்றி. முதல் நிலையை எண்ணி 70 சதவீதம் முளைப்பு என்று எழுதினால் உங்கள் மகள் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மாட்டிக்கொள்வார்.

விதை உயிரோடு இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்க 1 சதவீத டெட்ராசோலியம் கரைசலில் ஒரு நாள் இருட்டில் ஊறவையுங்கள். உயிருள்ள கரு சிவக்கும். அதற்கும் முன்னால் வெறும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலே, கரு இல்லாத வெற்றுறை எத்தனை என்று தெரிந்துவிடும்.

மே மாதத்து மின்வெட்டில் அறை 35 டிகிரியைத் தாண்டினால் சோதனை கெட்டுவிடலாம், ஆகவே முளைப்புத் தட்டுகளை மழைக்காலத்திலோ மார்கழி, தையிலோ வைப்பது நல்லது. இன்னொரு தொல்லை மைட். கண்ணுக்குத் தெரியாத இந்தப் பூச்சி ஒரு தட்டிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போகும், போன வழியெல்லாம் புள்ளி புள்ளியாக வேறு பூஞ்சை முளைக்கும். அப்படி வரிசையான புள்ளிகளைப் பார்த்தால் அந்தத் தட்டைத் திறக்காமலே ஆட்டோகிளேவுக்கு அனுப்புங்கள். நல்ல பூஞ்சை கிடைத்தால் முதல் மாதத்திலேயே பல பிரதி எடுத்து வைத்துவிட வேண்டும். செழிப்பான ஊடகத்தில் திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டே இருந்தால் விதையை முளைக்கவைக்கும் குணம் போய்விடுவது உண்டு.

லேப் வசதி குறைவு என்றால் இன்னொரு வழி இருக்கிறது, எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும்: விதையையே தூண்டில் புழுவாக்குவது. ராஸ்முசெனும் விகமும் 1993-ல் எழுதிய முறை. 50 மைக்ரான் அளவு கண்ணுள்ள நைலான் துணியில் விரல் நீளப் பை செய்து, ஐம்பது விதை போட்டு, பாக்கெட் சீலரால் ஒட்டிவிடுங்கள். பூஞ்சை இழை உள்ளே வரும், விதை வெளியே போகாது. துணி வாங்கும் முன் விதையின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். புரட்டாசிக் கடைசியில் தாய்ச்செடியின் வேரோடு ஒட்டி பத்துப் பை, அதே மரத்தில் ஒரு மீட்டர் தள்ளிப் பத்து, வேறு மரத்தில் பத்து என்று பாசியும் தென்னைநாரும் வைத்துக் கட்டுங்கள். தை மாதம் பாதியையும், அடுத்த மழை முடிந்ததும் மீதியையும் எடுங்கள். பையைத் தண்ணீரில் நனைத்து மைக்ராஸ்கோப்புக்கு அடியில் திறந்தால், ஒரே ஒரு புரோட்டோகார்ம் இருந்தாலும் போதும். அதற்குள் இருக்கும் பெலோட்டான் நீங்கள் தேடிய அதே ஆள். வேரிலிருந்து இருபது பூஞ்சை பிரித்துச் சோதிப்பதை இந்த ஒன்று மிச்சப்படுத்தும். ஒன்றும் வராமலும் போகலாம். பட்டையில் கட்டிய பை மண்ணில் புதைத்ததைவிடச் சீக்கிரம் உலரும். அதனால்தான் முப்பது பை.

வீட்டில் செடி வேண்டும், ஆராய்ச்சி வேண்டாம் என்றால் நுட்சன் வழிக்கு வாருங்கள். முக்கால்வாசி முற்றிய, வெடிக்காத பச்சைக் காயைக் கழுவி, ஆல்கஹாலில் தோய்த்து நெருப்பில் காட்டி, கத்தியால் பிளந்து விதையைச் சுரண்டிப் போடுவது. உள்ளே சுத்தமாகவே இருக்கும், பிளீச் தேவையில்லை. பாதி வலு எம்.எஸ். (முராஷிகே-ஸ்கூக் என்ற திசு வளர்ப்பு) ஊடகம், லிட்டருக்கு 20 கிராம் சர்க்கரை, 100 மி.லி. இளநீர், 1 கிராம் கரித்தூள், 8 கிராம் அகார். பிரஷர் குக்கரில் ஆவி நன்றாக வந்தபின் வெயிட் போட்டு 20 நிமிடம். கடலூர்க் கிணற்றுத் தண்ணீர் பல இடத்தில் உப்பு. மழைத்தண்ணீரோ காய்ச்சி வடித்த தண்ணீரோ எடுங்கள். இப்படி வளர்ந்த கன்றைக் கரித்துண்டு, ஓட்டுச்சில்லில் வைத்து உரத்தண்ணீர் தெளித்தால் பூஞ்சை இல்லாமலே வாழும். மரத்தில் விட வேண்டுமென்றால் தாய்ச்செடி வேருக்குப் பக்கத்தில், மழை தொடங்கும்போது கட்டுங்கள்.

காட்டு நிலத்திலிருந்தோ கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு மாதிரி இடங்களிலிருந்தோ வேர் வெட்டும் எண்ணம் இருந்தால் வனத்துறை அனுமதியும், ஊராரின் சம்மதமும் முதலில். ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை) பட்டியலில் இருக்கிறது, ஆகவே வெளிநாட்டு லேபுக்குத் துண்டு அனுப்புவது விளையாட்டுக் காரியம் இல்லை. இனத்தின் பெயரில் சந்தேகம் இருந்தால், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் ஹெர்பேரியம் (உலர்த்திய தாவரங்களின் தொகுப்பு) இருக்கிறது.

உங்கள் மாமரத்தில் இந்த வருடமும் காய் பிடித்திருந்தால், விலா எலும்பு போன்ற வரிகள் மஞ்சளிக்கும் முன் மெல்லிய மஸ்லின் பை கட்டிவிடுங்கள். வெடித்ததும் விதையை வெள்ளைத்தாளில் தட்டி, தாள் பொட்டலமாக மடித்து, சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான பாட்டிலில் ஒரு வாரம் உலர்த்தி, அதே பாட்டிலோடு பிரிட்ஜில் 4 டிகிரியில் வையுங்கள். கடற்கரைக் காற்றில் மேசைமேல் விட்டால் சில வாரத்திலேயே பூசணம் பிடிக்கும். பொட்டலத்தின் மேல் பென்சிலால் மரம், தேதி எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும்.